வௌவால் போன மச்சு

பேய் பிசாசு என்று யாராவது பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவள் நான். பி.யூ.சி.யில் விலங்கியல் படித்தவள், தவளையை அறுத்துப் பார்த்தவள். எதற்கும் ஒரு காரணம் இருக்கும், நமக்குத் தெரியாவிட்டால் படித்தவர்கள் யாருக்காவது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறவள். இதை எழுதும்போதுகூட, எங்கேயோ எதையோ சரியாகக் கவனிக்காமல் விட்டிருப்பேன், அதனால்தான் இப்படித் தோன்றுகிறது என்று ஒரு பக்கம் மனசு சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் இன்றைக்கும், "நீ அந்த வீட்ல தனியா இருந்தே சாரதா, அவ்ளோதான் விஷயம்" என்கிறார். இருக்கலாம். தனியாகத்தான் இருந்தேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், நடந்ததை நடந்த மாதிரியே சொல்லிவிடுகிறேன்.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம் என்று ஞாபகம். அவர் ரோடு போடுகிற வேலையில் ஓவர்சியர். ஜவ்வாது மலைப் பக்கம் வேலை நடந்ததால் அங்கேயே கூடாரத்தில் தங்கிவிடுவார், சனிக்கிழமை பஸ் பிடித்து வருவார், திங்கட்கிழமை விடிவதற்குள் கிளம்பிவிடுவார். நானும் கைக்குழந்தை வசந்தியும் திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டிலிருந்து பிரிந்து போகிற ஒரு தெருவில், ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அம்மா வீடு திண்டிவனம். பிரசவம் பார்த்து, குழந்தைக்குக் கழுத்து நின்றதும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். அம்மாவுக்கு அங்கே பள்ளிக்கூடம் போகிற என் தம்பி தங்கைகள் இருந்தார்கள், அடிக்கடி வா என்று கூப்பிட எனக்கு மனசு வரவில்லை.

அந்த ஊரில் பார்க்கிறவர்களெல்லாம் எங்கிருந்தோ வந்தவர்களாக இருப்பார்கள். மலையைப் பார்ப்பார்கள், கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், போய்விடுவார்கள். பக்கத்தில் நிற்கிற ஆளின் முகத்தைப் பார்க்கிறவர்கள் கம்மி. ஆசிரமத்தில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரி தினமும் எங்கள் வாசல் வழியாகப் போவாள். ஒருநாள் நின்று குழந்தையைப் பார்த்து நமஸ்தே சொன்னாள். அந்த வாரம் முழுக்க என்னிடம் பேசிய புது ஆள் அவள் ஒருத்திதான், அதனால்தான் இன்னும் மறக்காமல் இருக்கிறேன்.

பேச்சுத்துணை என்றால் ரஹமத் அக்கா. வீடு அவர்களுடையது, ஒட்டினாற்போல் பக்கத்து வீட்டிலேயே குடியிருந்தார்கள். அவர் வீட்டு பாய் தேங்காய் மண்டி வைத்திருந்தார். தலைமுறை தலைமுறையாக அந்த ஊர்க்காரர்கள். கறிக்குழம்பு வைத்தால் "நீ சாப்ட மாட்டேன்னு தெரியும், வாசனையாவது புடி" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவார். ஆனால் அவருக்கு ஆறேழு உருப்படி உள்ள வீடு, எப்போதும் வேலை. நினைத்த நேரத்துக்கெல்லாம் போய் உட்கார முடியாது.

வீட்டின் கூடத்துக்கு மேலே பலகை அடித்து மச்சு ஒன்று இருந்தது. மூலையில் ஓர் ஏணி, அதற்கு மேலே ஆள் நுழைகிற அளவுக்குச் சதுரமாக ஒரு திறப்பு. பழைய குடித்தனக்காரர்கள் விறகு போட்டு வைத்திருந்தார்களாம். நாங்கள் எதுவும் வைக்கவில்லை. கூடத்து உத்திரத்தில் இருந்த இரும்பு வளையத்தில்தான் புடவையால் ஏணை கட்டி வசந்தியைத் தூங்கப் போடுவேன். மச்சில் வௌவால் இருந்தது. ஒன்றிரண்டு இல்லை, ஒரு கூட்டம். சின்ன சாதி, கைக்குள் அடங்குகிற அளவு. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது, அதுதான் அவற்றுக்கு வாசல். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மேலே சருகைக் கசக்குகிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பும். அப்புறம் ஒவ்வொன்றாகச் சந்து வழியே விழுந்து பறந்து போகும். போனதும் வீடு ஒரேயடியாக அமைதியாகிவிடும். பலகை இடுக்கு வழியே கருப்பு மிளகு மாதிரி எச்சம் உதிரும், அந்த நாற்றத்தை எவ்வளவு கழுவினாலும் போகாது.

நியாயமாக எனக்கு வௌவால்தான் பெரிய கவலையாக இருந்திருக்க வேண்டும். எனக்கு வேறு கவலை இருந்தது.

ஒருநாள் சமையலறையில் எவர்சில்வர் குடம் கை தவறி விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ரஹமத் அக்கா, "இன்னா சாரதா, உயிரோட இருக்கியா" என்று குரல் கொடுத்தார். நான் கூடத்துக்கு ஓடினேன், குழந்தை பயந்து வீறிடப் போகிறதே என்று. அவள் பாயில் குப்புறப் படுத்து, பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. அவள் பின்னால் நின்று கை தட்டுவேன். திரும்ப மாட்டாள். பேர் சொல்லிக் கூப்பிடுவேன், திரும்ப மாட்டாள். ஒரு சமயம் திரும்புவாள், மனசு குதிக்கும், அப்புறம் என் நிழல் தரையில் ஆடியதைப் பார்த்துத்தான் திரும்பினாள் என்று தெரியும். விளையாட்டு மும்முரம், அதனால்தான் என்று நினைப்பேன். எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரி இருக்குமா என்று நினைப்பேன். சனிக்கிழமை அவர் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று வாரம் முழுக்க வாக்கியம் அமைத்து வைத்திருப்பேன். அவர் வந்து மண்ணும் தாருமாகக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும்போது, சொன்னால் நிஜமாகிவிடும் என்று தோன்றும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன்.

அந்த வருஷம் கார்த்திகை தீபம் வந்தது. மலைமேல் தீபம் தெரிகிறவரைக்கும் எந்த வீட்டிலும் விளக்கு ஏற்ற மாட்டார்கள் இல்லையா, தெருவே இருட்டாக, எல்லோரும் வாசலில் எண்ணெய் ஊற்றின அகலை வரிசையாக வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி நிற்போம். நான் வசந்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். உச்சியில் சுடர் தெரிந்ததும் ஊர் மொத்தமும் அரோகரா என்று ஒரே குரலாகக் கத்தியது. கோயில் பக்கமிருந்து வெடி, தெருவில் வெடி. என் காலடியிலேயே யாரோ பற்றவைத்த வெடி ஒன்று வெடித்து, நான் துள்ளிப்போனேன். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் எல்லாம் வீறிட்டன. என் தோளில் இருந்தவள் மலையில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வாசலில் நின்ற ரஹமத் அக்கா, "எங்க வீட்டுதுங்களா இருந்தா இந்நேரம் கத்தி ஊரைக் கூட்டியிருக்கும். உம்பொண்ணு எவ்ளோ சமத்து பாரு" என்றார். நான் அகலை ஏற்றக் குனிந்தேன். ஒரு குச்சி வீணானது, இன்னொன்றும் வீணானது, அவர்தான் வாங்கி ஏற்றினார்.

அதற்கு மறுநாளா, அதற்கும் மறுநாளா தெரியவில்லை. சாயந்தரம், வௌவால் கிளம்புகிற நேரம். வசந்தி ஏணையில் விழித்துக்கொண்டு படுத்திருந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மேலே சலசலப்பு ஆரம்பித்தது. அவள் தலை திரும்பியது. மெல்ல, நன்றாக, மச்சுப் பக்கமாக. கண்ணை ஒரு இடத்தில் நிறுத்தி, காது கொடுக்கிற மாதிரி அப்படியே இருந்தாள். அப்புறம் வாயெல்லாம் சிரிப்பு.

முறத்தைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். அவளுக்குக் கேட்கிறது! வௌவால் நம் காதுக்கு எட்டாத மெல்லிசான சத்தம் போடும் என்று படித்தது ஞாபகம் வந்தது. என் குழந்தைக்குக் காது கேட்காமல் இல்லை, மற்றவர்களுக்குக் கேட்காததுதான் கேட்கிறது, கொஞ்ச நாளில் மற்றதும் கேட்கும் என்று நானே ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்துக்கொண்டேன். அடுத்த நாளும் திரும்பினாள். அதற்கடுத்த நாளும். சாயந்தரம் எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். அந்த நாற்றம்கூட எனக்கு உறைக்காமல் போனது.

அந்தச் சனிக்கிழமை அவர் வந்தார். ஞாயிறு காலையில் குழந்தையை ஏணையிலிருந்து தூக்கப் போனவர், "சாரதா!" என்று போட்ட சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. ஏணைத் துணியின் மடிப்பில், அவள் கன்னத்துக்குப் பக்கத்தில், ஒரு வௌவால் இறக்கையை மடக்கிக்கொண்டு ஒட்டியிருந்தது. உயிரோடு. அவள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கடிச்சிருந்தா? மொதல்ல இதுங்களை ஒழிக்கணும். இன்னிக்கே."

"பாவம்ங்க, அதுங்க பாட்டுக்கு இருக்குது. பலகை இடுக்கை அடைச்சா போதாதா?"

"இன்னாது, பாவமா? போன மாசம் நீதானே நாத்தம் நாத்தம்னு என் உயிரை எடுத்தே. வௌவாலுக்கு வக்கீலா ஆயிட்டியா இப்ப?"

அன்றைக்குத்தான் சொன்னேன், குடத்தையும் வெடியையும், எல்லாவற்றையும். அவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதன் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலைச் சொடுக்கிப் பார்த்தார். "பொங்கல் கழிச்சு வேலூர் கொண்டு போலாம். அதுக்காக வௌவாலை வெச்சுக் குடித்தனம் பண்ண முடியாது" என்றார். அவர் சொன்னது சரி என்று எனக்கும் தெரிந்தது. ஏணையில் கிடந்த அந்தக் கருப்பு உருண்டையை நானும் பார்த்தேன் இல்லையா.

வழி சொன்னது ரஹமத் அக்காதான். "அடிக்கக் கூடாது, புகை போடக் கூடாது, உள்ளயே செத்து விழும். வெளிச்சம் ஆகாது அதுக்கு. எங்க மண்டியில அப்பிடித்தான் ஓட்னோம். சாயந்தரம் எல்லாம் வெளிய போனதும் ஒரு விளக்கு வெச்சிடு, விடிய விடிய எரியட்டும். நாலஞ்சு நாள்ல தானா வேற எடம் பாத்துக்கும். அப்பறமா கொத்தனாரை உட்டு சந்தை அடைச்சிடலாம்."

மச்சுக்கு மின்சார ஒயர் கிடையாது. தீபத்துக்கு வாங்கினதில் பெரிய அகல்கள் மிச்சமிருந்தன. பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் அகலை வைத்தால் பலகைக்கு ஆபத்தில்லை என்று யோசித்து வைத்தேன். தினமும் சாமி மாடத்தில் விளக்கேற்றிய கையோடு, அந்தச் சுடரிலேயே ஒரு திரியைப் பற்றவைத்து, ஏணியில் ஏறி மேலே கொண்டுபோய் ஏற்றுவேன். எண்ணெய் நிறைய, திரி தடியாக. எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்யவேண்டும் எனக்கு. ஒருநாள் ரஹமத் அக்கா வந்தவர், ஏணியிலிருந்து நான் இறங்குவதைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாடி இது, தர்காவுக்கு வெக்கிற மாதிரி நேரம் தவறாம வெக்கிறே?"

நானும் சிரித்தேன்.

வௌவால்கள் குறைந்தன. ஒருநாள் சாயந்தரம் சலசலப்பே கிளம்பவில்லை. மறுநாள் காலையில் ஏறிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. எச்சத்தையெல்லாம் கூட்டி அள்ளி, ரஹமத் அக்கா வீட்டுக் கறிவேப்பிலைச் செடிக்குக் கொடுத்தேன். பாய் அனுப்பின கொத்தனார் வந்து ஓட்டாஞ்சில்லும் கலவையும் வைத்துச் சந்தை அடைத்துவிட்டுப் போனார். மேலே வெறும் பலகையும் ஓடும். ஒரு பல்லிகூட இல்லை.

அன்றைய சாயந்தரம் எனக்குப் பரீட்சை மாதிரி இருந்தது. இனி வசந்தி எதற்குத் திரும்புவாள்? கேட்டுக்கொண்டிருந்த ஒரு சத்தத்தையும் நானே பிடுங்கிவிட்டேனே என்று நினைத்தேன். அவளை ஏணையில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் ஓர் அரவம் இல்லை.

அவள் தலை திரும்பியது.

அதே மாதிரி. மெல்ல, நன்றாக, மேலே. காது கொடுத்துக் கேட்டாள். சிரித்தாள். ஒரு நொடி எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அப்புறம்தான் மேலே ஒன்றும் இல்லை என்பது உறைத்தது. அவள் "ங்கா" என்றாள். நிறுத்தினாள். மேலே பார்த்தபடியே இருந்தாள், எதிராளி பேசி முடிக்கிறவரை நாம் இருப்போமே அந்த மாதிரி. அப்புறம் மறுபடியும் "ங்கா". மறுபடியும் நிறுத்தம். நான் பின்னால் போய்க் கை தட்டினேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக் கரண்டியால் அடித்தேன், அடித்துக்கொண்டே அழுதேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரத்தில் கண் செருகி, ஆட்டாத ஏணையில் தானாகத் தூங்கிப்போனாள். அதுவரை நான் ஆட்டாமல் அவள் தூங்கினது கிடையாது.

எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கொலுசுச் சத்தம், அழுகுரல் என்று மற்றவர்கள் சொல்கிற மாதிரி எதுவும் இல்லை. சின்ன அசைவு கேட்டிருந்தால்கூட எலி என்றோ காற்று என்றோ சொல்லித் தப்பித்திருப்பேன்.

இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ரஹமத் அக்காவைக் கூப்பிட்டேன். விஷயம் சொல்லவில்லை, சும்மா வந்து உட்காருங்கள் என்றேன். முந்தானையில் வேர்க்கடலை கட்டிக்கொண்டு வந்து, உரித்தபடி மருமகள் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வசந்தி திரும்பினாள். கேட்டாள், சிரித்தாள், பதில் சொன்னாள். அக்காவின் கை உரிப்பதை நிறுத்தியது. கொஞ்ச நேரம் குழந்தையையே பார்த்தார். பிறகு மேலே பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல சாரதா."

"எனக்கும்தான்க்கா."

"ஆனா அது குறுக்க பேசறதில்ல பாரு. அந்தப் பக்கம் முடிக்கிற வரைக்கும் காத்துனு இருக்குது."

அவருடைய குரல் மாறிவிட்டது. இந்த வீட்டில் யாராவது, எப்போதாவது, என்று நான் இழுத்தேன். "அல்லா மேல ஆணையா அப்பிடி எதுவும் இல்ல. மாமனார் கட்ன வீடு, எல்லாருக்கும் நல்லாதான் இருந்துது" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, "மேல வௌவால்தான் இல்லையே, இன்னும் எதுக்கு விளக்கு வெக்கிறே? ஆளில்லாத எடத்துல வெச்சினே இருந்தா யாருக்கோ வெக்கிற மாதிரி ஆயிடும். நிறுத்திடு" என்றார்.

நிறுத்தவில்லை. இதை எப்படிச் சொல்வேன். ஏணியில் ஏறி மேலே தலையை நீட்டினால் அந்த வெற்றுப் பலகைகளைப் பார்க்க முடியாமல் கண்ணைத் தாழ்த்திக்கொள்வேன். ஆனாலும் எண்ணெய் ஊற்றி ஏற்றிவிட்டுத்தான் இறங்குவேன். அவள் திரும்புவது அந்த ஒன்றுக்குத்தான். விளக்கு நின்றால் அதுவும் நின்றுபோகுமோ என்ற பயம், மற்றப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. படித்தவள் செய்கிற காரியமா என்று தினமும் என்னையே கேட்டுக்கொள்வேன். கேட்டுக்கொண்டே திரி திரிப்பேன்.

பொங்கல் கழிந்து வேலூர் போனோம். குழந்தையின் காதுக்குப் பக்கத்தில் மணி அடித்தார்கள், மேளம் மாதிரி ஒன்றைத் தட்டினார்கள், ஏதோ கருவியில் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். பிறவியிலேயே இரண்டு காதும் சுத்தமாகக் கேட்காது என்றார். நான் வௌவால் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காக இன்னும் அவரை நினைத்துக்கொள்வேன். "அம்மா, எந்தச் சத்தமும் கேக்காதும்மா. எந்தச் சத்தமும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வசந்தி என் மடியில் உட்கார்ந்து என் தாலிச்சரட்டைச் சப்பிக்கொண்டு வந்தாள். என் குரலை இவள் கேட்டதே இல்லை, இனியும் கேட்கப்போவதில்லை என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அப்படியானால் வீட்டில் கேட்கிறாளே, அது யார்?

காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளி இருக்கிற ஊர்ப் பக்கமாக அவர் மாற்றல் கேட்டு வாங்கினார். பங்குனியில் வீட்டைக் காலி செய்தோம். கடைசி நாள் சாயந்தரம், சாமானெல்லாம் கட்டியாகிவிட்டது, அவர் லாரிக்கு ஆள் பார்க்கப் போயிருந்தார். ஏணையை மட்டும் அவிழ்க்காமல் வைத்திருந்தேன். விளக்கோடு மேலே ஏறினவள், எனக்கு என்ன தோன்றியதோ, இறங்கவில்லை. மச்சுப் பலகையில் உட்கார்ந்தேன். குழந்தைக்குக் கேட்காது என்று தெரிந்ததிலிருந்து நான் தாலாட்டுப் பாடுவதையே விட்டிருந்தேன். அன்று பாடினேன். அங்கிருந்து பாடினால் ஒருவேளை அவளுக்குக் கேட்குமோ என்ற ஆசை. பைத்தியக்காரத்தனம்தான். எங்கள் அம்மா பாடுகிற ஆராரோ, இரண்டு வரிதான் தெரியும், அதையே திரும்பத் திரும்பப் பாடினேன்.

பாடிக்கொண்டே குனிந்து பலகை இடுக்கு வழியே கீழே பார்த்தேன். நேர் கீழே ஏணை. வசந்தி மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கேட்கிறது, என் பாட்டு கேட்கிறது! அப்புறம்தான் கவனித்தேன். அவள் பார்வை நான் கண் வைத்திருந்த இடுக்குக்கு வரவில்லை. ஒரு முழம் தள்ளி, என் இடது பக்கமாகப் போயிருந்தது.

நான் பாட்டை நிறுத்தாமல் மெதுவாக இடது பக்கம் நகர்ந்தேன். அவள் பார்க்கிற இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்த இடுக்கில் கண்ணை வைத்தேன். கீழே அவள் கண்கள் மெல்ல நகர்ந்தன. நான் முதலில் உட்கார்ந்திருந்த இடத்தில் போய் நின்றன.

பஸ்ஸில் யாராவது ஏறினால் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்போமே, அந்த மாதிரி.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முழங்கையில் சிராய்ப்பு இருந்தது, அவர் வந்து கேட்டபோது ஏணி வழுக்கியது என்றேன். மேலே விளக்கை அணைக்கவில்லை. ரஹமத் அக்காவிடம் சாவியைக் கொடுக்கும்போது, எண்ணெய் தீர்ந்ததும் அதுவே அடங்கிவிடும் என்று மட்டும் சொன்னேன். அவர் வசந்தியின் தலையில் கை வைத்து ஏதோ ஓதி ஊதிவிட்டார்.

இப்போது வசந்திக்கு எட்டு வயது. பள்ளியில் கெட்டிக்காரி. விரலால் அவள் பேசுகிற வேகத்துக்கு எனக்கு ஈடுகொடுக்க முடியாது. வாயால் பேசவும் பழக்குகிறார்கள், ஒரு எழுத்துக்கு ஒரு மாசம் ஆகிறது. நாங்கள் இருப்பது சிமென்ட் தளம் போட்ட வீடு. மேலே மச்சு கிடையாது, மொட்டை மாடிதான். போன வருஷம் ஒரு தம்பி பிறந்தான் அவளுக்கு. அவனுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. நான் எத்தனை முறை சோதித்துப் பார்த்தேன் என்பதைக் கேட்காதீர்கள்.

போன மாதம் ஒரு மத்தியானம். நான் சமையலறையில் இருந்தேன், அவளைத் தம்பியின் ஏணையை ஆட்டச் சொல்லியிருந்தேன். ஒரு ராகம் கேட்டது. வாயை மூடிக்கொண்டு முனகுகிற குரல், ஆனால் சுத்தமாக, ஏறி இறங்கி, ஒரு இடத்திலும் பிசகாமல். ரேடியோ என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் வசந்தி. ஒரு வரி முனகுவாள், நிறுத்துவாள், தலையைத் தூக்கித் தளத்தைப் பார்த்தபடி இருப்பாள், அப்புறம் அடுத்த வரி. பையன் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அந்த ராகத்தை நான் பாடினதில்லை. எங்கள் அம்மாவும் பாடினதில்லை. எங்கேயும் நான் கேட்டதும் இல்லை.

கட்டிலில் போய் உட்கார்ந்தேன். இதை யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கையால் கேட்டேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. ஏணையைக் காட்டினாள், தன்னைக் காட்டினாள், குட்டியாக இருந்தபோது என்று கையால் அளவு காட்டினாள். மேலே காட்டினாள். கடைசியாக விரலை நீட்டி, நீதானே என்றாள்.

என்னைத்தான் காட்டினாள். அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். விரல் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால் அது குழந்தைக் கை, அவ்வளவு குறி இருக்காது. அவள் முகத்தில் இருந்த பிரியத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்ல எந்த அம்மாவுக்கு வாய் வரும்? ஆமாம், நான்தான் என்று தலையாட்டினேன். அவள் சிரித்துவிட்டு ஏணையை ஆட்டப் போய்விட்டாள்.

நான் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். யோசித்துச் செய்யவில்லை, உடம்பு தானாக நகர்ந்தது. இப்போதும் அப்படித்தான் உட்காருகிறேன், இடது பக்கம் ஒரு ஆளுக்கு இடம் விட்டு. அவர் கேட்டால் பழக்கம் என்கிறேன்.